மானுக்கு எத்தனை பெரிய தோட்டா?

காஞ்சிபுரத்தில் கண்ணில் படும் மான்கள் பட்டுச் சேலையின் கரையில் சரிகையாய் ஓடுபவையும், கோயில் சிற்பங்களில் சிவபெருமானின் கையில் துள்ளி நிற்பவையுமே. உயிருள்ள மானைச் சுடுவது இந்தியாவில் குற்றமாகையால், மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்னும் வினா இன்றைய தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அவ்வினாவுக்குச் சென்னை மாகாணத்தில் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் அது இன்றும் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

காஞ்சிபுரம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டுச் சீமையில், வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டுவந்தபோது, பறவை எச்சம் கலந்த ஏரி நீரைத் தம் வயலுக்கு உரமாகக் கருதிய ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் என்னும் எழுத்துவழி உறுதியாகவே பெற்றனர் என்பர். நீலகிரியில் கட்டுப்பாடு வர மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. கடமான், வரையாடு, கேளையாடு முதலியவற்றைச் சுடக்கூடாத பருவத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தந்த நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879இல் இயற்றப்பட்டது. எப்போது சுடலாம் என்பதைச் சட்டம் வரையறுத்தது. எதனால் சுடுவது என்பது வேட்டைக்காரரின் தீர்ப்புக்கே விடப்பட்டது.

அத்தீர்ப்பைப் புரிந்துகொள்ளச் சில சொற்கள் தெளிவாக வேண்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்பட்டு அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டு வெளியேறுவது குண்டு மட்டுமே. குழலின் உட்சுவரில் திருகு பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கி ரைபிள் எனப்படும். அப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்வதால் அது தடுமாறாமல் நேரே செல்கிறது. குழலின் உள்விட்டத்துக்குக் காலிபர் என்று பெயர். அதைப் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளப்பதா, மேட்டிலிருந்து மேட்டுக்கு அளப்பதா என்பதில் ஒரே முறை இல்லாமையால், லண்டன் ரிக்பி நிறுவனம் .275 எனப் பெயரிட்ட தோட்டாவின் குண்டு உண்மையில் 0.284 அங்குல விட்டம் உடையது. பெயரிலுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அந்த .275 ரிக்பி, 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராணுவத்துக்கென உருவான 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவே. சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் கொன்ற ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் இந்தத் தோட்டாவுக்குரிய ரைபிள்தான். அதே காலத்தில் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு, ராணுவத் தோட்டாக்கள் பிறர் கைக்குப் போய்விடும் என்னும் அச்சத்தால், .303, .450 அளவுகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்திருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை உரிமதாரர்களுக்காக, இந்திய ராணுவம் பயன்படுத்தாத .315 ரைபிளையே செய்துவந்தமைக்கு வேர் இங்கே இருக்கிறது. இந்திய வேட்டைக்காரனின் தெரிவைக் காட்டைவிடச் சர்க்காரின் அச்சமே மிகுதியும் தீர்மானித்தது எனலாம்.

இனி மானுக்கு எது ஏற்றது என்பதற்கு வருவோம். வலிமை குறைந்த, மென்மையான தோட்டாவை நாடுவதற்கு முதற்காரணம் பின்னுதைப்பு, அதாவது குண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளை இடிக்கும் விசை. இடி கடுமையாக இருந்தால், சுடுபவர் அதை எதிர்பார்த்தே கண்ணை இறுக்கி, சுடுவிசையை (டிரிகரை) மெல்ல அழுத்துவதற்குப் பதில் வெடுக்கென இழுத்துவிடுகிறார். குழல்முனை மயிரிழை விலகினாலும், நூறு கெஜத்துக்கு அப்பால் நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படுகிறது, மான் உடனே சாகாமல் புதருக்குள் ஓடி நெடுநேரம் துன்புறுகிறது. 1955இல் அமெரிக்காவில் வெளிவந்த .243 வின்செஸ்டர் தோட்டா ஆறரை கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. ஆனால் அதன் பின்னுதைப்பு, அமெரிக்க ராணுவ வழிவந்த .30-06 தோட்டாவின் பின்னுதைப்பில் ஏறக்குறையப் பாதிதான்.

மென்மைக்கும் ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், .240 அங்குலத்துக்குக் குறைந்த காலிபரையும், குழல்வாயில் 2305 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலையும் பொதுவாகத் தடுக்கிறது; .243 அந்தக் காலிபர் வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. கேளையாட்டின் இனத்தைச் சேர்ந்த சிறுமானுக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் .220 அங்குலம், 1356 ஜூல் எனச் சலுகை தரப்பட்டுள்ளது. காலிபரைவிடவும் முக்கியமான நிபந்தனை குண்டின் முனையைப் பற்றியது. ராணுவக் குண்டை முழுவதும் உலோக உறை மூடியிருப்பதால் அது சதையில் ஒடுங்கிய துளையிட்டு மறுபுறம் போய்விடும். வேட்டைக் குண்டின் நுனியிலோ ஈயம் வெளியே தெரியும், அல்லது சிறு குழி இருக்கும், அதனால் உடலில் பட்டதும் முனை விரிந்து விலங்கை விரைவில் வீழ்த்தும். விரியாத குண்டால் மானைச் சுடுவதை அச்சட்டம் அனுமதிப்பதில்லை.

இந்த அளவுகோலைத் தமிழகக் காட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், இருபது கிலோ அளவிலான கேளையாட்டுக்கும் எண்பது கிலோவை எட்டும் புள்ளிமான் கடாவுக்கும் .243 போதும், இருநூறு கிலோவைத் தாண்டும் கடமான் கடாவுக்கு, நீண்ட கனத்த குண்டை உடைய 7 மில்லிமீட்டர்த் தோட்டாவே குறைந்தபட்சம் எனலாம். நாட்டுத் துப்பாக்கியும் .22 ரைபிளும் கள்ளவேட்டையில் புழங்குவது எளிதில் கிடைப்பதாலும் பின்னதன் ஓசை குறைவாலும்தானேயன்றித் தகுதியால் அன்று. அவற்றுக்குத் தப்பிய மான் காயத்தோடுதான் தப்புகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்ற வேட்டைக்கு விட்டிருந்த சிறு வழியும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டது. தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கி உரிமம் கையிலிருந்தாலும், மேய்ந்தது தம் பயிரேயானாலும், தாமாக மானைச் சுடுபவர் குற்றவாளியே. மான் வயலில் புகுந்தாலோ சாலையில் அடிபட்டுக் கிடந்தாலோ, வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும்.