காய்ச்சல் இறங்கலையா? உடம்புல கருப்புத் தழும்பு இருக்கா பாருங்க! மிரட்டும் 'உண்ணிக் காய்ச்சல்'

வேலூர்:

மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பித்தால் போதும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கம் ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் கூட்டம் அலைமோதும். டெங்குவா, மலேரியாவா, டைபாய்டா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றும் இல்லை என்று ரிசல்ட் வரும். ஆனால் ஜுரம் மட்டும் இறங்காது.

இப்படி ஆட்டிப் படைக்கும் காய்ச்சல்களில் முக்கியமானது 'ஸ்கிரப் டைபஸ்'. தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

கவனிக்காமல் விட்டால் ஆளையே முடித்துவிடும் நோய் இது. ஆனால் இதைக் குணப்படுத்தும் மாத்திரை பல வருஷமாக இருக்கிறது. விலையும் ரொம்பக் குறைவு. இருந்தும் உயிர் போகிறது என்றால், வந்திருப்பது இன்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம், பத்து நாள் ஓடிவிடுவதுதான் காரணம்.

இத்தனைக்கும் இந்த நோய் பலருக்கு உடம்பிலேயே ஒரு அடையாளத்தை வைத்துவிட்டுத்தான் வருகிறது. அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

கடிப்பது எது?

உண்ணி என்றதும் நாய், மாடு மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துப் பருத்திருக்குமே, அதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. இது அதைவிட ரொம்பப் பொடிசு. புல், புதர், களைச் செடிகளில் வாழும் ஒரு வகைப் பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். லேசான சிவப்பு நிறம். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது.

வளர்ந்த பூச்சி மனிதரைக் கடிக்காது. குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் அதற்கு இன்னொரு உயிரின் உடம்பு தேவை. புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். எலி, பெருச்சாளி போனால் அதன்மேல் தொற்றிக்கொள்ளும். ஆள் போனால் ஆள் மேல். கடிக்கும்போது வலிக்காது. அதனால் 'என்னை எந்தப் பூச்சியும் கடிக்கலையே' என்று நோயாளி அடித்துச் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை.

பூச்சியின் உடம்பில் இருக்கும் 'ஓரியன்ஷியா சுசுகாமுஷி' என்ற பாக்டீரியா கிருமிதான் காய்ச்சலுக்குக் காரணம். தாய்ப் பூச்சியிடம் இருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கும் கிருமி போய்விடுகிறது. அதனால் ஒரு முறை கிருமி புகுந்த இடத்தில் வருஷா வருஷம் நோய் தலைகாட்டும்.

ஆறுதலான விஷயம் ஒன்று. இது ஆளிடம் இருந்து ஆளுக்குத் தொற்றாது. நோயாளியைத் தொட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ, அவர் தட்டில் சாப்பிட்டாலோ வராது.

டைபாய்டு வேறு, டைபஸ் வேறு!

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். டைபாய்டு, கெட்டுப்போன தண்ணீர், சாப்பாடு மூலம் வருவது. ஸ்கிரப் டைபஸ் பூச்சிக்கடியால் வருவது. கிருமி வேறு, டெஸ்ட் வேறு, மருந்தும் வேறு. டைபாய்டுக்குப் போடும் ஊசி மருந்துகள் பலவும் இந்தக் கிருமியிடம் எடுபடாது. இது நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டு பெருகும் கிருமி. பென்சிலின் வகை மருந்துகள் அங்கே வேலை செய்வதில்லை. 'நாலு நாள் ஊசி போட்டும் கேக்கலையே' என்று புலம்பல் வருவது இதனால்தான்.

சிகரெட் சூடு வைத்த மாதிரி

பூச்சி கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். பெரும்பாலும் பத்து நாள் வாக்கில் ஆரம்பிக்கும். அதிகக் காய்ச்சல், குளிர், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, குமட்டல், இருமல் எல்லாம் இருக்கும். சிலருக்கு நெறி கட்டும். சிலருக்கு உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும். டெங்கு போலவே ரத்தத்தில் தட்டணுக்களும் குறையலாம். அதனால்தான் டெங்கு என்று நினைத்து ஏமாந்துவிடுகிறார்கள்.

டெங்குவில் இல்லாத ஒன்று இதில் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் முதலில் சின்னக் கொப்புளம் வரும். அது புண்ணாகி, நடுவில் கருப்பாகப் பொருக்கு தட்டும். சுற்றிலும் சிவந்திருக்கும். சிகரெட்டால் சூடு வைத்த மாதிரி அப்படியே தெரியும். வலிக்காது, அரிக்காது. அதனால் உடம்புக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. தெரிந்தாலும் 'ஏதோ சூட்டுக் கொப்புளம்' என்று விட்டுவிடுவார்.

பூச்சிக்குப் பிடித்த இடம், துணி இறுக்கும் இடமும் வேர்வை சேரும் இடமும்தான். அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, இடுப்பில் பாவாடை நாடா, அரைஞாண் கயிறு கட்டும் இடம், மார்பகத்துக்குக் கீழே, தொப்புள், பின்கழுத்து, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்பக்கம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். ஈரம் சேரும் இடத்தில் கருப்புப் பொருக்கு இல்லாமல் வெறும் புண்ணாகவும் தெரியலாம்.

இந்தத் தழும்பு எல்லோருக்கும் வராது. தழும்பு இல்லை என்பதற்காக இந்தக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் தழும்பு இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூச்சம் உயிருக்கு உலை!

இங்கேதான் சிக்கல். டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றவே ஆண்கள் தயங்குவார்கள். பெண்களைக் கேட்கவே வேண்டாம். வயசான பாட்டிகள் 'நாக்க நீட்டிக் காட்டறேன், கைய புடிச்சிப் பாரு, போதும்' என்று முடித்துவிடுவார்கள். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்க்க டாக்டருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அதனால் இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. குளிக்கும்போதோ, உடம்பு துடைத்துவிடும்போதோ அம்மாவுக்கு மகள் பார்க்கலாம், புருஷனுக்குப் பெண்டாட்டி பார்க்கலாம். பார்க்க முடியாத இடத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெண்கள், பெண் டாக்டரோ நர்சோ பார்க்கட்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

என்ன டெஸ்ட்?

'ஐ.ஜி.எம். எலிசா' என்ற ரத்தப் பரிசோதனைதான் இப்போது அதிகம் செய்யப்படுகிறது. நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை இது காட்டும். அந்தப் பொருள் உருவாகச் சில நாள் ஆகும். அதனால் காய்ச்சல் வந்த முதல் இரண்டு மூன்று நாளில் டெஸ்ட் எடுத்தால் 'இல்லை' என்று வர வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் ஆகும்போது சரியாகக் காட்டும். 'வெயில்-பெலிக்ஸ்' என்ற பழைய டெஸ்ட் 1916-ல் வந்தது. செலவு குறைவு. ஆனால் பலருக்கு நோய் இருந்தும் காட்டாமல் விட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொருக்கை எடுத்து 'பி.சி.ஆர்.' டெஸ்டும் செய்கிறார்கள்.

டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் நோய் முற்றிவிடும். அதனால் சந்தேகம் வந்தாலே மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லப்பட்டிருக்கிறது.

மாத்திரை என்ன?

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அசாம், பர்மா காடுகளில் சண்டை போட்ட சிப்பாய்களைத் துப்பாக்கிக் குண்டோடு சேர்ந்து இந்தக் காய்ச்சலும் வாட்டியது. அப்போது மருந்தே கிடையாது. 1948-ல் மலாயாவில்தான் 'குளோராம்பெனிகால்' என்ற மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும் என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது கொடுப்பது 'டாக்சிசைக்ளின்'. பெரியவர்களுக்குப் பொதுவாக 100 மி.கி. மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஒரு வாரம். கர்ப்பிணிகளுக்கு 'அசித்ரோமைசின்' தருகிறார்கள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து டாக்டர் அளவு சொல்வார். ஆரம்பத்திலேயே மருந்து உள்ளே போனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் ஜுரம் இறங்கிவிடும். அதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. மெடிக்கலில் நாமாகவே கேட்டு வாங்கிப் போடவும் கூடாது. டாக்சிசைக்ளின் போடும்போது நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். போட்ட உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

நோய் முற்றிவிட்டால் கதை வேறு. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். கிட்னி, கல்லீரல் பாதிக்கும். மூளைக் காய்ச்சல் வரும். ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் ஆபத்து உண்டு.

அப்படி முற்றிய நிலையில் வருபவர்களைக் காப்பாற்ற எது நல்ல மருந்து என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் தலைமையில் நாட்டின் 7 ஆஸ்பத்திரிகளில் ஆய்வு நடந்தது. 794 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட, இரண்டையும் சேர்த்து ரத்தத்தில் ஏற்றினால் பலன் கூடுதல் என்று தெரியவந்தது. வேலூரில் இருந்து கிளம்பிய இந்த முடிவை உலகமே இன்று கவனிக்கிறது.

37 கிராமங்களில் ஆய்வு

இது எங்கேயோ ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் என்று நினைத்தால் அதுவும் தப்பு. தமிழகத்தில் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2025-ல் வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தவர்களிடம் இந்த நோய் முக்கியக் காரணமாக இருப்பது அதில் தெரியவந்தது. கிருமி தொற்றியும் காய்ச்சலே வராமல் தப்பியவர்களும் நிறைய.

2024-ம் வருஷம் முடியும் சமயத்தில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பாதிப்பு தெரிவதாகப் பொது சுகாதாரத்துறை உஷார்படுத்தியது. பட்டியலில் சென்னையும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலி மனையில் புதர் மண்டி, எலி ஓடினால் டவுனிலும் இந்தப் பூச்சி குடியேறும்.

யார் உஷாரா இருக்கணும்?

வயல் வேலை, களை எடுப்பு, ஏரி வேலைக்குப் போகிறவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், புல் அறுப்பவர்கள், சுள்ளி பொறுக்கப் போகிறவர்கள், மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள், வெட்டவெளியில் மலம் கழிக்கப் போகிறவர்கள், புதரில் விளையாடும் பசங்க. ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை கூடுதல் கவனம் தேவை.

தடுக்க என்ன வழி?

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். கீழே உள்ளதைச் செய்தாலே பெரும்பாலும் தப்பலாம்.

* வேலைக்குப் போகும்போது முழுக்கை சட்டை, கால் மூடும் துணி, முடிந்தால் ஷூ போடுங்கள்.
* புல் தரையில் துண்டு, பாய் எதுவும் விரிக்காமல் படுக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் புதர் ஓரம் ஒதுங்க வேண்டாம்.
* துவைத்த துணியைப் புதர் மேலும் புல் மேலும் காயப்போடாதீர்கள். கொடி கட்டிப் போடுங்கள்.
* வீடு திரும்பியதும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியோடு படுக்காதீர்கள். அதை சோப்பில் துவைத்துவிடுங்கள்.
* வீட்டைச் சுற்றிப் புதர், குப்பை சேரவிடாதீர்கள். எலித்தொல்லையை ஒழியுங்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

மூன்று நாள் தாண்டியும் ஜுரம் இறங்கவில்லை என்றால் மெடிக்கல் மாத்திரையோடு காலம் தள்ள வேண்டாம். கருப்புத் தழும்பு தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சு வாங்குவது, குழப்பமாகப் பேசுவது, வலிப்பு, மூத்திரம் குறைவது, மஞ்சள் காமாலை இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

டாக்டரிடம் போனதும் ஜுரம் எத்தனை நாளாக என்பதோடு நிறுத்தாதீர்கள். 'ரெண்டு வாரத்துக்கு முன்னாடி களை எடுக்கப் போனேன்', 'ஏரிக்கரையில மாடு மேய்ச்சேன்', 'இங்க ஒரு கருப்புப் புண்ணு இருக்கு' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்கு நாலு டெஸ்டுக்குச் சமம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் மாத்திரை, சரியான நாளில் வயிற்றுக்குள் போய்விடும்.