உங்களுக்குத் தெரியுமா? 130 டாலருக்குக் கைமாறிய சூப்பர்மேன்

சூப்பர்மேனின் அன்றைய விலை வெறும் 130 டாலர்! 1938-இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற 23 வயது நண்பர்கள் இருவர், தாங்கள் படைத்த நாயகனின் முழு உரிமையையும் அந்தத் தொகைக்குப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கோடிகள் குவிந்தன, பதிப்பகத்துக்கு! பத்திரிகைகளில் நியாயம் கேட்டுக் குரல் எழுந்த பின்னர், 1975-இல்தான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது.

அந்த 130 டாலரும் அடங்கிய காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்.

பின்னாளில் வந்த காமிக்ஸ் படைப்பாளிகள் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லெயர்டும் உரிமை விஷயத்தில் உஷாரானவர்கள். 1984-இல் கடன் வாங்கி, தங்கள் காமிக்ஸ் இதழைச் சுமார் 3,000 பிரதிகள் சொந்தமாக அச்சிட்டார்கள். அதுதான் ‘நிஞ்ஜா ஆமைகள்’. உரிமை கையில் இருந்ததால் பொம்மை, கார்ட்டூன், சினிமா என எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பங்கு வந்தது.

1992-இல் டாட் மக்ஃபார்லேன், ஜிம் லீ உள்ளிட்ட 7 நட்சத்திர ஓவியர்கள் மார்வெல் பதிப்பகத்தை விட்டு வெளியேறி ‘இமேஜ் காமிக்ஸ்’ தொடங்கினார்கள். பாத்திரங்கள் படைத்தவருக்கே சொந்தம். நிறுவனத்துக்குப் பெயரும் சின்னமும் மட்டும். மக்ஃபார்லேனின் ‘ஸ்பான்’ முதல் இதழ் சுமார் 17 லட்சம் பிரதிகள் விற்றது.

உரிமை படைத்தவரிடம் இருந்தால், எப்போது முடிப்பது என்பதும் அவர் கையில்தான். இமேஜ் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ காமிக்ஸ் 2003-இல் தொடங்கியது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்தத் தொடரை, 2019-இல் 193-ஆவது இதழோடு முன்னறிவிப்பே இல்லாமல் முடித்துவிட்டார் எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மேன்.