சிறுவாடு யாருடைய பணம்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.)

இந்த வாரம் நாம பேசப்போறது சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த காசில் அஞ்சு, பத்து மிச்சம் பிடிச்சு, புருஷனுக்குத் தெரியாம பெண்கள் சேர்த்து வைக்கிற பணத்துக்கு நம்ம ஊர்ல இருக்கிற பேர். அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, பீரோவில் பட்டுப்புடவை மடிப்பு. உங்க வீட்லயும் இதுல ஏதோ ஒண்ணு இருக்கும். முதல்ல எங்க வீட்டுக் கதை. அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவிலிருந்து செல்லாது என்றார். நான் அப்போ இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எங்க வீடு சேலையூரில், கேம்ப் ரோடு பக்கம். அப்பா பர்ஸை எடுத்து எண்ணிப் பார்த்தார். மூணு ஐநூறு இருந்தது. "கோடி கோடியா பதுக்கி வெச்சிருக்கிறவன் கவலைப்படட்டும்"னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டார்.

பதினோரு மணிக்கு மேல அம்மா என்னை எழுப்பினாங்க. கையில ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டின 83 ஐநூறு ரூபாய் நோட்டுகள். மொத்தம் 41,500 ரூபாய்.

"தப்பு பண்ணிட்டேன்டா. அப்பாகிட்ட சொல்லிடாதே."

ஒன்பது வருஷம் சேர்த்த பணம் அது. பழைய பேப்பர் போட்ட காசு, தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசி மிச்சம் பிடிச்சது, பொங்கலுக்குப் பாட்டி கையில் திணிச்ச நூறு. சில்லறையா சேர்ந்ததும் அண்ணாச்சி கடையில கொடுத்து ஐநூறா மாத்திடுவாங்க. ஒளிச்சு வைக்க இடம் கம்மியா போதுமே. அந்த சாமர்த்தியம்தான் அன்னைக்கு மாட்டி விட்டுடுச்சு. பத்து ரூபாயாவே வெச்சிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை.

ஒளிய இடமில்லாத பணம்

வங்கிகள் திறந்தது 10-ஆம் தேதி. கவுன்ட்டரில் அடையாள அட்டையைக் காட்டி 4,000 ரூபாய் வரை மாத்தலாம். மீதியைக் கணக்கில்தான் போடணும், அதுக்கு டிசம்பர் 30 வரை நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலாயிரம் நாலாயிரமா மாத்தினா பதினோரு தடவை வரிசையில் நிக்கணும். கணக்கில் போடலாம்னா, அம்மா பேர் இருந்தது ஒரே ஒரு கணக்கில். அப்பாவோட சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட். எஸ்எம்எஸ் போறது அப்பா போனுக்கு.

இந்த நாட்டில் ஒரு இல்லத்தரசி, தன் புருஷனுக்குத் தெரியாம 41,500 ரூபாயைச் சட்டப்படி காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம்ங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. மறுநாள் காலைல அம்மாவே சொல்லிட்டாங்க.

அப்பா கோபப்படலை. சிரிச்சார். "ஒன்பது வருஷமா என் பாக்கெட்லதான் கை வெச்சிருக்கியா?" அப்புறம் பெரியப்பாவுக்கு போன் போட்டு, "எங்க வீட்லயே ஒரு ரிசர்வ் பேங்க் இருக்குண்ணே"ன்னு சொன்னார். நானும் சிரிச்சேன். அந்த மாசம் வாட்ஸ்அப் முழுக்க இதே ஜோக்தான், ஞாபகம் இருக்கா? மனைவிமார்களோட கறுப்புப் பணம் வெளியே வந்துடுச்சுன்னு.

பணம் ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்குப் போச்சு. அங்கிருந்து என் செமஸ்டர் ஃபீஸுக்குப் போச்சு. அம்மாகிட்ட யாரும் கேட்கலை. அது எதுக்குச் சேர்த்த பணம்னும் கேட்கலை.

யாரோட பணம் அது?

அப்பாவோட வாதத்தை நேர்மையா வெச்சுப் பார்ப்போம். சம்பளம் அவரோடது. செலவுக்குக் கொடுத்தார். மிச்சம் வந்தா அவருக்குத்தானே வரணும்? இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கு. 1943-இல் பிளாக்வெல் என்ற தம்பதியின் வழக்கு. மனைவி வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து 103 பவுண்டு சேர்த்திருந்தார். அது முழுவதும் கணவனுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. சிக்கனமா குடும்பம் நடத்தினதுக்குப் பரிசு, சேர்த்ததைப் பறிகொடுக்கிறது! 1964-இல் அங்கே தனிச் சட்டமே போட்டு மாத்தினாங்க. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கணவன் கொடுத்த வீட்டுச் செலவுப் பணத்தில் மிஞ்சியது இருவருக்கும் சரிபாதி.

நம்ம நாட்டில்? ஸ்ரீதனம் விஷயத்தில் சட்டம் தெளிவு. பிறந்த வீட்டிலிருந்து வந்த நகை, பரிசு எல்லாம் மனைவிக்கு மட்டுமே சொந்தம் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாட்டி கொடுத்த நோட்டுகள் அம்மாவோடது. அதில் சந்தேகமே இல்லை. கத்தரிக்காய் பேரத்தில் மிஞ்சினது யாரோடது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு மிக அருகில் வருவது 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. நெய்வேலிக் குடும்பம். கணவர் 1983-இலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் சவுதியில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் மனைவி தன் பேரில் சொத்து வாங்கினார். ஊருக்குத் திரும்பிய கணவர், எல்லாம் என் சம்பாத்தியம், எனக்கே வேணும்னு வழக்குப் போட்டார். இதில் மனைவியின் பங்களிப்பை நேரடியா அங்கீகரிக்கிற சட்டம் இல்லை, ஆனா ஒரு நீதிபதி அங்கீகரிப்பதைத் தடுக்கிற சட்டமும் இல்லை என்றார் நீதிபதி. சமையல், வைத்தியம், கணக்கு வழக்கு என்று விடுமுறையே இல்லாமல் அந்த அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது என்று சொல்லி, வழக்கிலிருந்த சில சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி கொடுத்தார்.

எங்க வீட்டுக்குப் பொருத்திப் பாருங்க. காலைல ஏழரை மணிக்கு அப்பா தாம்பரம் ஸ்டேஷனில் டிரெயின் பிடிக்கணும்னா, அதுக்கு முன்னாடி டிபன் ரெடியா இருக்கணும், சாப்பாடு கட்டியிருக்கணும், சட்டை தேய்ச்சிருக்கணும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். அம்மாவோட 41,500-ஐ ஒன்பது வருஷத்துக்கு வகுத்தா மாசம் 400 ரூபாய்கூட வரலை. அந்த 289 நிமிடத்துக்கு அவங்க தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட சம்பளம் அவ்வளவுதான். அதுக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு "தப்பு பண்ணிட்டேன்"னு அழுதாங்க.

இதனாலதான் எனக்கு மகளிர் உரிமைத் தொகையோட பேர் முக்கியம்னு தோணுது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களோட சொந்த வங்கிக் கணக்கில் மாசம் 1,000 ரூபாய். தொகை போதுமா போதாதான்னு தனியா சண்டை போடலாம். ஆனா "உதவி"ன்னு பேர் வைக்காம "உரிமை"ன்னு வெச்சாங்க பாருங்க, அது இந்தக் குற்ற உணர்ச்சியோட வேர்ல கை வைக்குது.

ரகசியத்துக்கும் விலை உண்டு

அதுக்காக ஒளிச்சு வைக்கிறதுதான் சரின்னு நான் சொல்ல வரலை. பாட்டிலில் இருக்கிற பணத்துக்கு வட்டி இல்லை, நாமினி இல்லை. யாருக்கும் தெரியாத சீட்டில் போட்டு, சீட்டுப் பிடிச்சவர் ஓடிப்போனா, வெளியே சொல்லி அழக்கூட முடியாது. அவசரத்துக்கு ரகசியமா கடன் வாங்கியிருந்தா இன்னும் மோசம். வட்டி ஏற ஏற பயமும் ஏறும், பயத்தில் அடுத்த கடன் வரும். ரகசியமா இருக்கிறதாலதான் சின்னத் தொகை பெரிய ஆபத்தா மாறுது.

அதனால மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அம்மா பேரிலோ மனைவி பேரிலோ தனிக் கணக்கு. ஏடிஎம் கார்டும் எஸ்எம்எஸ்ஸும் அவங்ககிட்டயே இருக்கணும். ரெண்டு, வீட்டுச் செலவுக்கு வெளியே அவங்களுக்குன்னு மாசம் ஒரு தொகை, கணக்குக் கேட்கக் கூடாது. 2024 ஜூலையில் ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாகரத்னா இதையேதான் இந்தியக் கணவர்களுக்குச் சொன்னார்: இல்லத்தரசிக்குத் தனியா பணம் கொடுங்க, ஜாயின்ட் அக்கவுன்ட் திறங்க, ஏடிஎம் கார்டைக் கொடுங்க. மூணு, ரகசியம் வெளியே வந்தா சிரிக்காதீங்க. கேள்வி கேட்கணும்னா "எதுக்கும்மா சேர்த்தே?"ன்னு கேளுங்க.

நான் அதைக் கேட்க ஆறு வருஷம் ஆச்சு. வேலைக்குப் போய், எனக்குன்னு சம்பளம் வந்து, மதுராந்தகத்தில் பாட்டி இறந்து, காரியம் முடிஞ்சு திரும்பி வர்ற பஸ்ஸில் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "பாட்டிக்கு உடம்பு முடியாம போனா, உங்க அப்பாகிட்ட கை நீட்டாம ஏதாவது செய்யணும்னு நினைச்சேன். அதான்."

அந்தப் பணத்தில்தான் நான் அஞ்சாவது செமஸ்டர் படிச்சேன். பாட்டியோட கடைசி மாச ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா அப்பாகிட்டதான் கேட்டாங்க. அவர் கொடுத்தார், மறுக்கலை. ஆனா கேட்டாங்க.

இப்போ கேம்ப் ரோட்டில் ஒரு வங்கியில் அம்மாவுக்குத் தனிக் கணக்கு இருக்கு. முதல் டெபாசிட் நான் போட்டது, 41,500 ரூபாய். அதில் இப்போ எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. எஸ்எம்எஸ் அவங்க போனுக்குத்தான் போகுது.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே. அதுக்குள்ள வீட்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அம்மா பேர்ல கணக்கு இருக்கா, அந்தக் கார்டு யார் பர்ஸில் இருக்குன்னு.