தேயிலைத் தோட்டத்து மேடையும் கிட்டார்ப் பாட்டுக் கையிருப்பும்

மேடையில் கேட்டவுடன் வாசிக்கத் தயாராக இருக்கும் பாட்டுகளே ஒரு கலைஞரின் கையிருப்பு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் பாவலர் வரதராசன் பாடிய பிரசாரப் பாடல்கள் இத்தகையவை. மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் புதுச் சொற்களை ஏற்றினார். அவர் ஆதரித்துப் பாடிய வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். கேரள எல்லைக்கு இப்புறம், தமிழ்நாட்டின் பண்ணைப்புரத்தில் பிறந்த வரதராசனின் தம்பி இளையராஜா, அண்ணனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். 1968-இல் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், ஜி.கே. வெங்கடேஷ் போன்ற இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் வாசித்தார்.

அப்படியொரு கையிருப்பைச் சேர்க்க, கிட்டாரில் தினமொரு பாட்டு கற்பது சாத்தியமா? பெரும்பாலும் சாத்தியமே. ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நான்கு கார்டுகள் கைவந்தால் எளிய பாட்டுகள் பல வசப்படும். கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால், விரலமைப்பு மாறாமலே பாடுபவரின் சுருதிக்குப் போகலாம். கடினம் கார்டில் இல்லை, கார்டு மாறும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ராகம் தழுவிய மெட்டுகளுக்குக் கார்டு போதாது. கமகத்துக்குத் தந்தியை இழுக்கவோ விரலை வழுக்கவிடவோ வேண்டும், அதற்கு ஒரு நாள் பத்தாது. புதுப்பாட்டு சேரச் சேரப் பழையது நழுவும். ஆகவே நேற்றைய பாட்டையும் போன வாரத்துப் பாட்டையும் தாளைப் பாராமல் வாசித்த பிறகே புதியதைத் தொடுவது நல்லது.