மாத்தளை என்புகளும் தாய்வழி வரிசையும்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் வெட்டப்பட்டபோது மனித என்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150 பேருக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1987-89 கிளர்ச்சிக் காலத்தில் காணாமற்போனோருடையவை என ஒரு சாராரும், அதற்கு நெடுங்காலம் முற்பட்டவை என மறுசாராரும் வாதிட்டனர். வாதம் ‘எப்போது’ என்ற வினாவையே சுற்றியது. தாய்மாரின் வினாவோ ‘யார்’ என்பதாகும். அவ்வினாவிற்கு விடைதேடும் ஆய்வுகூட முறையொன்றை ஈண்டு நோக்குவோம்.

ஒரே நிறமூர்த்தத்தில் அமைந்து, ஒருங்கே வழிவழி கையளிக்கப்படும் மரபு வேறுபாடுகளின் தொகுதி ‘ஹப்லோடைப்’ எனப்படும். நிறமூர்த்தங்களைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சோடியாகப் பெறுகிறோம். ஆதலின், எவ்வேறுபாடு எவ்விழையைச் சேர்ந்தது என்பதைச் சாதாரண சோதனை காட்டாது. பெற்றோரையும் பிள்ளையையும் ஒப்பிட்டோ, நீண்ட இழையை அறுபடாது வாசித்தோ அதனைத் துணிதல் வேண்டும். மட்கிய என்பில் நீண்ட இழைகள் எஞ்சுதல் அரிது. ஆயின் இழைமணியின் டி.என்.ஏ. தாய்வழியாகவே வருவது, ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பது. எனவே அது எஞ்சும் வாய்ப்பு மிகுதி. சோடியற்றதாகையால் அதன் ஹப்லோடைப்பை நேரே வாசிக்கலாம்.

பல்லோ தொடையென்போ புறப்பரப்பு நீக்கித் தூளாக்கப்படும். கல்சியமும் புரதமும் அகற்றப்பட்டு டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படும். மனிதரிடையே மிக வேறுபடும் இரு துண்டங்கள் பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தாற் பெருக்கப்பட்டு வாசிக்கப்படும். 1981இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்டு, 1999இல் திருத்தப்பட்ட மாதிரி வரிசையிலிருந்து அவை வேறுபடும் இடங்கள் குறிக்கப்படும். பின்னர் தாயினதோ உடன்பிறந்தோரினதோ வரிசையுடன் அவை ஒப்பிடப்படும். தோண்டியவரின் டி.என்.ஏ. கலவாதிருத்தல் இன்றியமையாதது.

தெளிவான வேறுபாடுகள் பல காணப்படின் உறவு இல்லை எனலாம். பொருந்தினும் ஆளை உறுதிசெய்ய இயலாது. ஒரே தாய்வழியினர் யாவரும் அவ்வரிசையையே கொண்டிருப்பர். கருவிலுள்ள டி.என்.ஏ., பல், உடை முதலிய சான்றுகளும் வேண்டும். அன்றியும், இவ்வரிசை தலைமுறைகள் பல கடந்தும் பெரும்பாலும் மாறாது. ஆகவே என்புகள் பழையன எனக் கொள்ளினும் ‘யார்’ என்ற வினா வலுவிழப்பதில்லை.

ஆர்ஜென்டினாவில் 1976-83 இராணுவ ஆட்சியிற் பறிக்கப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமாருக்காக, மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1980களில் இம்முறையைக் கையாண்டார். அங்கு 1987இல் தேசிய மரபுத் தரவு வங்கி சட்டத்தால் நிறுவப்பட்டது. அறிவியலை அத்திசையிற் செலுத்தியது அப்பாட்டிமாரின் போராட்டமே. என்பின் வரிசை தனித்துப் பேசாது; ஒப்பிடுதற்கு உறவினரின் குருதி வேண்டும். அதனைக் கேட்டுப் பெற்று, காத்து வைக்கும் பொறுப்பு சமூகத்தினுடையது. மாத்தளை உணர்த்துவதும் இதுவே.