வீடியோக் கோப்பும் அதன் பெட்டியும்

நான் தணிக்கைக்குச் சென்றிருந்த சங்கமொன்றில், முதிய சாயத்தொழிலாளி ஒருவரின் செய்முறையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தனர். அவர் இன்று நம்மிடையே இல்லை. பொதுக்குழுவன்று தொலைக்காட்சியில் ஒலி மட்டும் கேட்டது; படம் தோன்றவில்லை. கோப்பு பழுதுற்றதென்று அங்கத்தினர்கள் வருந்தினர். உண்மை அதுவன்று.

எம்.பி.4, எம்.கே.வி. என்பன பெட்டியின் பெயர்களே. உள்ளிருக்கும் படம் எம்முறையில் சுருக்கப்பட்டது என்பதே முக்கியம்; அம்முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வெளியான எச்.264 முறையைப் பெரும்பாலான கருவிகள் அறியும். 2013-இல் வந்த எச்.265, ஏறத்தாழப் பாதி அளவில் அதே தெளிவைத் தரவல்லது. எனினும் பழைய தொலைக்காட்சிகள் பல அதனை அறியா.

ஆகவே, முதலில் வி.எல்.சி. செயலியில் கோடெக் விவரத்தைக் காண்க. பெட்டி மட்டும் பொருந்தாவிடில், எஃப்.எஃப்.எம்பெக் கொண்டு பெட்டியை மட்டும் மாற்றலாம். தரம் சிறிதும் குறையாது. கோடெக்கே பொருந்தாவிடில், ஹேண்ட்பிரேக் கொண்டு எச்.264 முறைக்கு மாற்றுக. இவையனைத்தும் இலவசமாகக் கிடைப்பவை.

கோடெக்கை மாற்றுந்தோறும் படத்தின் நுண்மை சிறிது குறையும். இழந்ததை மீட்டல் இயலாது. எனவே, பிரதியை மாற்றுக, மூலத்தை அழியாதீர். கணக்குப் புத்தகம்போல் அதுவும் சங்கத்தின் சொத்தேயாகும்.