பிணை: சொல்லும் சட்டமும்



மொழியியல் கற்பித்த நாம் இன்று சட்டம் பற்றிப் பேச வந்ததற்கு ஒரு சொற்றொடரே காரணம். சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு தாய் ஈப்போவில் நம்மைத் தேடி வந்தார். மகன்மீது திருட்டுக் குற்றச்சாட்டு. "ஜாமீன் கிடைக்காத கேஸாம் சார். கேட்டும் பயனில்லைன்னு சொல்றாங்க" என்றார். சொன்னவர்கள் அக்கம்பக்கத்தார். அச்சொல்லை நம்பி யாரும் பிணை கேட்கவில்லை. மகன் மூன்று வாரம் சிறையில் இருந்தான். ஒரு சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டதன் விலை அது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிணைத்தல் என்பது கட்டுதல், இணைத்தல். களத்தில் மாடுகளை ஒன்றாகக் கட்டிப் போரடிப்பதைப் பிணையடித்தல் என்பர். 'ஜாமீன்', மலாய் மொழியின் 'ஜாமின்' ஆகிய இரண்டும் பொறுப்பேற்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தவை. மலாயில் பிணைக்கு 'ஈக்காட் ஜாமின்' என்றும் வழக்குண்டு. 'ஈக்காட்' என்றால் கட்டு. ஆகவே பிணை என்பது மன்னிப்பன்று, விடுதலைத் தீர்ப்பன்று, அபராதமும் அன்று. குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சிறைச் சுவரால் கட்டாமல், வாக்குறுதியாலும் பொறுப்பேற்கும் ஒருவராலும் விசாரணையோடு கட்டிவைப்பதே அது.

நம் நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றங்களை இரு வகையாகப் பகுக்கிறது. முதல் வகையில் பிணை ஓர் உரிமை. வேண்டுமென்றே காயம் விளைவித்தல் போன்ற குற்றங்கள் இதில் அடங்கும். பிணை கொடுக்க ஆயத்தமாக இருப்பவரை விடுவித்தாக வேண்டும் என்கிறது 387ஆம் பிரிவு. இரண்டாம் வகையைத்தான் மலாயில் 'தீடாக் போலே ஜாமின்' என்றும், தமிழ் நாளேடுகளில் 'ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம்' என்றும் எழுதுகின்றனர். இங்கேதான் பொருள் மயக்கம் நேர்கிறது. இவ்வகைக் குற்றங்களுக்கும் பிணை வழங்க 388ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு இடந்தருகிறது. 'முடியாத' என்பது 'உரிமையாகக் கோர முடியாத' என்பதன் குறுக்கமே. அதாவது, பிணை நீதிபதியின் முடிவுக்கு உட்பட்டது, கேட்டால் கிடைக்கலாம்.

மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கத்தக்க குற்றத்தை ஒருவர் செய்தார் என நம்பத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே அப்பிரிவு கதவை அடைக்கிறது. அப்போதும் 16 வயதுக்குட்பட்டோர், பெண்கள், நோயுற்றோர், உடல் தளர்ந்தோர் ஆகியோரை விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

நீதிபதி எவற்றை எடைபோடுகிறார்? 1948ஆம் ஆண்டின் வீ சுவீ சியாங் வழக்கில் கூறப்பட்ட அளவுகோல்களை நம் நீதிமன்றங்கள் இன்றும் சுட்டுகின்றன. குற்றத்தின் கடுமை என்ன? தண்டனையின் கடுமை என்ன? அவர் தப்பியோடுவாரா? சாட்சிகளைக் கலைப்பாரா? மீண்டும் குற்றம் புரிவாரா? எதிர்வாதத்திற்கு ஆயத்தமாக அவருக்கு வாய்ப்பு வேண்டாமா? 'அவர் குற்றவாளிதானா?' என்பது இங்கே தீர்க்கப்படும் வினாவன்று. அது விசாரணைக்குரியது.

தொகையைப் பற்றி 389ஆம் பிரிவு பேசுகிறது. அவரை நீதிமன்றத்திற்கு வரச்செய்யப் போதுமானதாகத் தொகை இருக்க வேண்டும், மிகையாக இருத்தலாகாது. மிகையெனின் குறைக்கும்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். தவறாமல் முன்னிலையானவரின் பிணைப்பணம் வழக்கு முடிந்ததும், தண்டனை பெற்றாலும்கூட, கட்டியவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆயினும் ஏழைக்குச் சிறு தொகையும் பெருஞ்சுவரே. நம் பேராக் தோட்டப்புற மக்கள் தலைமுறை தலைமுறையாக நிறுவனத்தின் லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள்; தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள். அவர்களுக்காகப் பிணைநிற்க உறவினர் இருப்பர். கட்டப் பணம் இராது. இதே இடர்ப்பாடு இந்தியாவில் 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் வழக்கில் எழுந்தது. கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட நீதித்துறை நடுவர், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவரைப் பிணையாளராக ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவிக்க ஆணையிட்டார். வட இந்தியாவில் கைதாகும் ஒரு தமிழர் அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்றும் அத்தீர்ப்பில் வினவினார்.

பொதுச் சட்டம் இவ்வாறிருக்க, சிறப்புச் சட்டங்கள் வேறு வழி செல்கின்றன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் விதிகள் வந்தன. அவ்வதிகாரம் 1960இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாகத் தொடர்ந்தது. அதற்கு மாற்றாக 2012இல் வந்த சொஸ்மா சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக் குற்றங்களுக்குச் சில விலக்குகள் தவிரப் பிணையை மறுக்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பான குற்றச்சாட்டில், சட்டமன்ற உறுப்பினர் இருவர் உள்ளிட்ட 12 பேர் கைதானபோது நம் சமூகம் இதை நேரில் கண்டது. பிணை பற்றி முடிவெடுப்பது நீதிமன்றத்தின் அதிகாரம் என்பதால் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அவ்வாண்டு நவம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். எல்லா அமர்வுகளும் அதைப் பின்பற்றவில்லை. 2020 பிப்ரவரி 21 அன்று அவ்வழக்குகளைத் தொடர்வதில்லை எனச் சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே அவர்கள் சிறையில் கழித்த மாதங்களை யாரும் திருப்பித் தர இயலவில்லை.

ஆசிரியர்களே, வகுப்பில் 'பிணை' என்ற சொல் வரும்போது அதன் பொருளை முழுமையாகச் சொல்லிக்கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோருக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் பிணை விண்ணப்பத்திலும் துணைநிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தாயிடம் நாம் சொன்னது ஒன்றே: "கேட்டுப் பாருங்கள் அம்மா, சட்டம் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை." அடுத்த விசாரணை நாளில் அவர் பிணை கேட்டார், கிடைத்தது.